மேல் நினைவகத்தில் இடமில்லை

மெக்கானிக்கின் கன்னத்தில் முதல் அறை தவறுதலாக விழுந்தது. இரண்டாவது அறை, முதல் அறையில் தவறு எதுவும் இல்லை என்று காட்டுவதற்காக விழுந்தது.

"யோவ், அவன் கைதி இல்லய்யா. வெளியாளு," என்றார் மேசைக்குப் பின்னாலிருந்த எழுத்தர், தலையைத் தூக்காமல்.

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" அடித்தவர் மெக்கானிக்கைக் கோபித்துக்கொண்டார். அவர் மேலுதட்டில் ஒரு புதர் இருந்தது. விசாரணைத் துறைக் கட்டடத்தில் அவருக்குப் பெயரே மீசைதான். "உள்ள வர்றவன் வாயைத் தெறந்து, நான் இன்னாருன்னு சொல்லணும். நாங்க என்ன ஜோசியமா பாக்குறோம்?"

வாயைத் திறக்கும் முன்பே அறை வந்து சேர்ந்துவிட்டது என்று மெக்கானிக் சொல்ல நினைத்தான். கீழ்வரிசையில் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. அதை நாக்கால் தாங்கிப் பிடித்தபடி வந்த காரியத்தைச் சொன்னான்.

"என் மச்சினனைக் கூட்டிட்டு வந்தீங்களாம் சார். சம்சாரத்தோட தம்பி. டயர் கடையில வேலை பாக்குறவன்."

"ஜீப்பைக் கொளுத்தினவனா?"

"கொளுத்தல சார். பழைய டயருக்கு ரப்பர் காய்ச்சி ஒட்டுற கடை. அவன் மேல எப்பவுமே கருகின வாடை அடிக்கும்."

"கேட்டீங்களா?" மீசை எழுத்தரிடம் திரும்பினார். "கருகின வாடைன்னு வீட்டு ஆளே ஒத்துக்கறான்."

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஈரச் சாக்கைச் சிமெண்ட் தரையில் ஓங்கி அடிப்பது போல ஒரு சத்தம் வந்தது. உடனே இன்னொன்று. பிறகு ஒரு அலறல். டிவி ரிமோட்டுக்காக வீட்டில் சண்டை போடும் அதே குரல். கிளம்பும்போது மனைவி வாசற்படியில் நின்று சொன்னதை நினைத்துக்கொண்டான்: "என் தம்பியோட வாங்க. இல்லேன்னா நீங்களும் வராதீங்க."

"உனக்கு என்ன தொழிலு?" எழுத்தர் பொழுதுபோகாமல் கேட்டார்.

"கம்ப்யூட்டர் ரிப்பேர் சார்."

எழுத்தர் தலையைத் தூக்கினார். மூன்றாவது அறைக்காக உயர்ந்த மீசையின் கை, வழியிலேயே சல்யூட்டாக மாறித் தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது. ஒரு நாற்காலி வந்தது. அதன் கைப்பிடிகளில் தோல் வார்கள் தொங்கின. அவற்றைக் கட்டாமல் விட்டதுதான் மரியாதை என்று மெக்கானிக் புரிந்துகொண்டான்.

விஷயம் இதுதான். கையால் எழுதிய வாக்குமூலம் இனி செல்லாது என்று மேலிடத்து உத்தரவு. வாக்குமூலம் பதியும் புரோகிராம் ஒன்று துறையிடம் ஏற்கனவே இருந்தது. அது டாஸ் காலத்தில் எழுதப்பட்டது. கறுப்புத் திரையும் கட்டளை தட்டும் பழக்கமுமான அந்தப் பழைய டாஸைத் தவிர வேறெதிலும் ஓடாது. எழுதியவரைக் கேட்கலாமென்றால், அவர் ஒரு தடவை விசாரணைக்கு வந்து போனதிலிருந்து எதையும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர்களோ உள்ளே எந்த இயங்குதளமும் இல்லாமல் வெறும் பெட்டிகளாக வந்திருந்தன.

"டாஸ் மாதிரியே இலவசமா ஒண்ணு இருக்காமே? டாஸ்ல ஓடுறதெல்லாம் அதுலயும் ஓடுமாமே?" என்றார் எழுத்தர்.

"இருக்கு சார். போட்டுத் தர்றேன்."

"போடு. கையெழுத்துல இருந்தப்போ பெரிய தலைவலி. எழுத்து நடுங்குது, ரத்தம் ஒட்டியிருக்குன்னு கோர்ட்டுல ஒரே நச்சரிப்பு. கம்ப்யூட்டர்ல எழுத்து நடுங்காது பாரு."

சாக்குச் சத்தம் மீண்டும் கேட்டது. ஒன்று. இன்னொன்று. மீசையும் அந்தப் பக்கம் போயிருந்தார்; இப்போது இரண்டு பேர் மாற்றி மாற்றி அடிக்கிறார்கள்.

"சார், கம்ப்யூட்டர் ரெடியாகுற வரைக்கும் விசாரணையைக் கொஞ்சம் நிறுத்தி வெச்சா..."

எழுத்தர் புண்பட்டுப்போனார். "அது எப்படிப்பா முடியும்? ஆரம்பிச்ச விசாரணையை, வாக்குமூலம் பதியாம நிறுத்தக்கூடாது. விதி இருக்கு. விதியை மீறச் சொல்றியா?"

"அவன்தான் ஒத்துக்கறேன் ஒத்துக்கறேன்னு கத்துறானே சார்."

"நேத்தே ஒத்துக்கிட்டான். ரொம்பத் தங்கமான பய. ஆனா பதியறதுக்கு மெஷின் இல்லையே! அதான் தொடருது."

"அவனுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"யாருக்கு?"

"என் மச்சினனுக்கு."

"அவன்தான் இங்க இல்லையே." எழுத்தர் பொறுமையாக விளக்கினார். "ஆள் உள்ள வந்தாலும் கம்ப்யூட்டர்லதான் பதியணும். இன்னும் பதியல. அதனால சட்டப்படி அவன் இங்க வரவே இல்ல. சத்தம் கேக்குது, வாஸ்தவம்தான். ஆனா ஆள் கிடையாது. அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா, இல்லாத ஆளுக்கு ஆனதாத்தான் அர்த்தம். துறைக்குக் கெட்ட பேரே வராது. நீ எதுக்கும் கவலைப்படாம வேலையைப் பாரு."

மெக்கானிக் கவலைப்பட்டான். அதனால் வேகமாக வேலை பார்த்தான்.

சாவிக்கொத்தில் தொங்கிய பென் டிரைவைச் செருகினான். வெறும் பெட்டி விழித்துக்கொண்டது. ஹார்ட் டிஸ்கைப் பிரித்துத் துடைத்துத் தயார் செய்ய வேண்டும். அதற்கு முன்னால், இதிலுள்ள எல்லாவற்றையும் அழிக்கட்டுமா, ஆமா இல்லையா என்று திரை கேட்டது.

நடுவில் வெற்றிலை போட வந்த மீசை எட்டிப் பார்த்தார். "என்ன அது, கேள்வியா?"

"ஆமா சார்."

"நம்மளப் பாத்தா?"

மெக்கானிக் பதில் சொல்வதற்குள் மானிட்டரின் முகத்தில் ஒரு குத்து விழுந்தது. இந்தக் கட்டடத்தில் கேள்வி கேட்கும் உரிமை ஒரு தரப்புக்கு மட்டும்தான் என்று மீசை அதனிடம் தெரிவித்தார். மானிட்டர் பாதி முகம் கறுத்து, ஒரு கோடு இழுத்து, அணைந்தது. இரண்டாவது மானிட்டர் கொண்டுவரப்பட்டது. மீசை அதைப் பார்த்து விரலை ஆட்டி எச்சரித்தார். அது அடக்கமாக வேலை செய்தது.

இயங்குதளம் ஏறி முடிந்து, கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னியபடி கட்டளைக்குக் காத்திருந்த நேரத்தில், துறைத் தலைவர் வந்தார். எல்லோரும் ஐயா என்று அழைக்கும் அவர், நடக்கும்போது கூட யாருக்கோ தண்டனை கொடுப்பது போலத்தான் தரையில் காலை வைப்பார்.

"இதுதான் அதுவா?" என்று உட்கார்ந்தார். "கட்டளை போட்டா கேக்குமா?"

"கேக்கும் ஐயா," என்றார் எழுத்தர், எதையும் விசாரிக்காமல்.

ஐயா ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தையும் நசுக்கி நசுக்கி, 'அட்டென்ஷன்' என்று ஆங்கிலத்தில் தட்டினார். தவறான கட்டளை என்று ஆங்கிலத்திலேயே பதில் வந்தது.

எழுத்தர் நாற்காலியோடு ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"தவறான கட்டளையா?" ஐயாவின் கழுத்து நரம்பு எழுந்தது. "என் கட்டளையா? இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் போட்ட கட்டளை ஒண்ணையாவது தப்புன்னு எவனாவது சொல்லியிருக்கானாய்யா?"

"சொன்னவங்க யாரும் இப்ப இல்லீங்க ஐயா," என்றார் எழுத்தர்.

ஐயா திரும்பி மெக்கானிக்கை அறைந்தார். ஆடிக்கொண்டிருந்த பல் அதோடு விடைபெற்று விசைப்பலகை மேல் போய் விழுந்தது. மெக்கானிக் அதைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"அந்த வாசகத்தை மாத்திடலாம் ஐயா," என்றான் ரத்தத்தை விழுங்கியபடி. "இந்த சிஸ்டத்துல அந்த வசதி இருக்கு. நமக்கு வேணுங்கிற மாதிரி எதையும் வெச்சுக்கலாம்."

மாற்றினான். தெரியாத கட்டளை எது வந்தாலும், 'ஆகட்டும் ஐயா' என்று ஆங்கில எழுத்துகளில் பதில் வரும்படி செய்தான். ஐயா மறுபடி தட்டினார். ஆகட்டும் ஐயா. எதிரிகளை ஒழித்துக்கட்டு என்று தட்டினார். ஆகட்டும் ஐயா. எனக்குப் பதவி உயர்வு கொடு. ஆகட்டும் ஐயா. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் துறையில் போடப்படும் கட்டளைகளுக்கு வழக்கமாக அவ்வளவுதான் நடக்கும் என்பதால் அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை.

"இவன்தான்யா வேலைக்காரன்!" ஐயா நெகிழ்ந்துபோனார். "நீங்களும் இருக்கீங்களே."

சுவருக்கு அந்தப் பக்கம் அலறல் முனகலாகத் தேய்ந்திருந்தது. அடி மட்டும் தேயவில்லை.

"ஐயா, எல்லாம் ரெடி. வாக்குமூலப் புரோகிராமை ஏத்திட்டா முடிஞ்சது," என்றான் மெக்கானிக். "வாக்குமூலம் வாங்க ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்லலாம்."

"ஆள் எதுக்கு?" எழுத்தர் சிரித்தார். "வாக்குமூலம் எப்பவோ தயார்." ஒரு தாளை நீட்டினார். மெக்கானிக் படித்தான். அரசு ஜீப்பையும், அதற்குள் உறங்கிக்கொண்டிருந்த டிரைவரையும் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திக் கொன்றேன் என்று அவன் மச்சினன் சுத்தமான நடையில் ஒப்புக்கொண்டிருந்தான்.

"டிரைவரா? டிரைவர் செத்துட்டாரா சார்?"

"நான் இங்கதான் இருக்கேன்," என்றது மூலையிலிருந்து ஒரு குரல். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். "ஏங்க, நானும் காலையிலேர்ந்து கேக்குறேன். என்னை எதுக்குங்க அதுல சேத்தீங்க?"

"வெறும் ஜீப்புக்குத் தண்டனை கம்மிய்யா," என்றார் எழுத்தர். "கேஸ் நிக்கணும்ல?"

"அப்ப நான்?"

"நீ ஏன் அவசரப்படுற? மொதல்ல பதிவாகட்டும். உன்னை என்ன பண்றதுன்னு அப்புறமா யோசிப்போம்."

டிரைவர் டீயைக் குடிக்கவும் முடியாமல், கீழே வைக்கவும் முடியாமல் நின்றார்.

மெக்கானிக்கின் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றுவிட்டன. வேலையை முடித்தால் அடி நிற்கும்; மச்சினன் கொலைகாரனாவான், தூக்கு வரைக்கும் போகும். முடிக்காவிட்டால் அடி நிற்காது. இல்லாத ஆளாகவே செத்துப்போவான். எந்தப் பொத்தானைத் தட்டினாலும் வீட்டு வாசற்படியில் மனைவி நிற்கிறாள்.

"என்னய்யா மொறைச்சுக்கிட்டு உக்காந்திருக்க?" ஐயா தொடையில் தட்டினார். "மெஷின் கண்ணு முழிச்சதும் மொதல்ல என் பேரு வரணும். அதைச் செய்."

தொடக்கக் கோப்பு என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் உயிர் வந்ததும் அதைத்தான் முதலில் படித்து, வரி வரியாக நிறைவேற்றும். அதன் முதல் வரியாக ஐயாவின் பெயரும் பதவியும் மஞ்சள் நிறத்தில் வரும்படி மெக்கானிக் ஒரு குட்டிப் புரோகிராம் எழுதி ஏற்றினான். அணைத்துப் போட்டான். மஞ்சள் எழுத்து பளிச்சென்று வந்தது. ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வந்துட்டு ஓடிப்போயிடக்கூடாது. நெலைச்சு இருக்கணும்."

"அப்படின்னா மெமரியில, அதாவது நினைவகத்துலயே உக்கார வெச்சுடுறேன் ஐயா. எது ஓடினாலும் ஐயா உள்ள இருப்பீங்க."

செய்தி பரவியது. மீசை எப்போது மறுபடி அடுத்த அறைக்குப் போனாரோ, எப்போது திரும்பி வந்தாரோ, வேர்த்து விறுவிறுத்து மெக்கானிக்கின் தோளுக்குப் பின்னால் நின்றார். கையில் தடி.

"தம்பி, ஐயா பேரு மட்டும்தான் போடலாமா? இல்ல... சும்மா கேட்டேன்."

அப்போதுதான் மெக்கானிக்கின் காதில் உறைத்தது. அடுத்த அறையில் மாற்றி மாற்றி விழுந்த இரட்டைச் சத்தம், இப்போது ஒற்றையாகிவிட்டிருந்தது.

அவன் நாற்காலியை மெல்லத் திருப்பினான். முகத்தில் ஒரு புது வியாபாரியின் சிரிப்பு வந்திருந்தது.

"உங்க பேரு இல்லாமயா சார்? என்ன நிறத்துல போடட்டும்?"

"செவப்பு." மீசை நாணத்தோடு சொன்னார். "மீசை மாதிரி ஒரு படமும் வரைய முடியுமா?"

"முறுக்கி விட்டதா, தொங்குறதா?"

மீசை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மெக்கானிக் நட்சத்திரக் குறிகளை வைத்து நிதானமாக மீசை வரைந்தான். இடது நுனி சரியில்லை என்று அழித்து மறுபடி வரைந்தான். நடுவில் சற்றே குரலை உயர்த்தி, "பக்கத்து ரூம்ல இன்னொருத்தர் இருக்காரே, அவர் பேரு வேண்டாமா சார்?" என்றான்.

"அந்தத் தடியன் பேரெல்லாம் எதுக்கு?" என்றார் மீசை.

ஒற்றைச் சத்தம் நின்றது. கதவு படாரென்று திறந்தது. மேல்சட்டை இல்லாமல், கையில் ஈர ரப்பர் குழாயோடு ஒரு பயில்வான் நின்றார்.

"என் பேரு எதுக்கா? காலையிலேர்ந்து கை ஓயாம உழைக்கிறவன் நான். நீ நடுநடுவுல வெத்தலை போடப் போனவன்!"

"வாங்க சார், வாங்க," மெக்கானிக் எழுந்து நின்றான். "உங்களுக்கு வணக்க இசை ஒண்ணு வைக்கலாம்னு இருக்கேன். மெஷின் கீ கீன்னு வாசிக்கும்."

பயில்வான் உட்கார்ந்தார். குழாயிலிருந்து தரையில் சொட்டியது தண்ணீர் மட்டுமல்ல. சுவருக்கு அந்தப் பக்கம், வந்ததிலிருந்து முதல் முறையாக, எதுவும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் மெக்கானிக் காதைத் தீட்டினான். பிறகு ஒரு இருமல் கேட்டது. நல்லதுதான்.

வேலையை முடிப்பதற்காக உழைத்தே பழகிய மனிதன், முடியாமலிருப்பதற்காக உழைக்கத் தொடங்கினான். எழுத்தருக்குப் பச்சை நிறம், கூடவே படிப்பும் பட்டமும். எழுத்தருக்குப் பட்டம் போட்டதைக் கண்டு ஐயாவுக்கு மேலும் மூன்று வரி. பயில்வானுக்கு இசை. இசையைக் கேட்டு மீசைக்கும் இசை, அதைவிட நீளமாக. டிரைவர் தயங்கித் தயங்கி வந்தார்.

"எனக்குப் பேரு கூட வேணாம் தம்பி. டிரைவர் உயிரோட இருக்கிறார்னு ஒரே ஒரு வரி. அழியாம இருக்கணும்."

"நினைவகத்துல உக்கார வெச்சுடுறேன் அண்ணே. யாராலயும் அசைக்க முடியாது."

எழுத்தர் முறைத்தார். ஆனால் அதற்குள் மெக்கானிக் இன்னொன்றைச் சொல்லிவிட்டான். அதைச் சொன்ன பிறகு டிரைவரை யாரும் கவனிக்கவில்லை.

"ஒரு சின்ன விஷயம் ஐயா. நினைவகத்துல மேல் நினைவகம், கீழ் நினைவகம்னு ரெண்டு இருக்கு. டாஸ் சிஸ்டமே அப்படித்தான். மேல இருக்கிறது ரொம்பச் சின்ன இடம்."

"மேல யாரு?" என்று நான்கு பேர் ஒரே குரலில் கேட்டார்கள்.

"ஐயாதான்."

"அது சரி. அடுத்தது?"

"ரெண்டு பேர் கொள்ளும்னு நெனைக்கிறேன்."

எழுத்தர் பேனாவை மூடினார். பயில்வான் மீசையைப் பார்த்தார். மீசை தடியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

அந்தப் பதற்றத்தை ஐயா மரியாதை என்று எடுத்துக்கொண்டு எழுந்து தொண்டையைச் செருமினார். தொடக்க விழா உரை.

"நம்ம துறை இன்னைக்கு நவீனமாயிடுச்சு. இதுவரைக்கும் ஒருத்தனை ஒத்துக்க வைக்கணும்னா பலசாலிங்க ரெண்டு பேரு வேணும், ஒரு வாளித் தண்ணி வேணும், ஒரு பகல் பொழுது வேணும். இனிமே ஒத்துக்கறவன் கூட வேண்டாம். வாக்குமூலம் தயார், மெஷின் தயார். உடனே சிலபேரு கேப்பாங்க, அப்ப அடிக்கிறது எதுக்குன்னு." பயில்வானின் முகத்தில் தெரிந்த கலக்கத்தைக் கண்டு அவர் கையமர்த்தினார். "பயப்படாதே. வாக்குமூலம் வேற, அடி வேற. உண்மை தெரியணும்னு நாம என்னைக்காவது அடிச்சிருக்கோமா? அந்த மாதிரி அல்பமான நோக்கம் நமக்கு எப்பவுமே இருந்ததில்ல. அடி நம்ம கடமை. அது தொடரும்."

எல்லோரும் கைதட்டினார்கள். ரப்பர் குழாயால் தொடையில் தட்டியதும் கைதட்டலில் சேர்ந்தது.

"போடு வாக்குமூலத்தை," என்றார் ஐயா.

மெக்கானிக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். மஞ்சள் வந்தது. பச்சை வந்தது. மீசை முறுக்கிக்கொண்டு வந்தது. இரண்டு இசைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஒலித்தன. டிரைவர் உயிரோடு இருந்தார். கடைசியில் வாக்குமூலப் புரோகிராம் எழ முயன்றது. எழவில்லை. நினைவகம் போதவில்லை என்று ஒரே ஒரு வரி வந்து நின்றது.

"என்ன சொல்லுது?"

"இடம் பத்தலையாம் ஐயா. பழைய புரோகிராம், கால் நீட்டிப் படுக்க நிறைய எடம் கேக்குது. உள்ள எல்லாரும் உக்காந்திருக்கீங்க. ஒருத்தர் எழுந்துட்டா அது உள்ள வந்துடும்."

"மேல இடம் இருக்கே?"

"மேலயும் இல்ல ஐயா."

"அப்ப யாரு எழணும்?"

"அதை நான் எப்படி ஐயா சொல்றது?" என்றான் மெக்கானிக் பணிவாக.

எல்லோருடைய பார்வையும் டிரைவர் மேல் போய் நின்றது.

"என்னை எடுத்தா நான் செத்துருவேன்!" டிரைவர் சுவரோடு ஒட்டினார். "மெஷின்ல நான் உயிரோட இருக்கேன்!"

"ஒரு டிரைவர் செத்தா என்னய்யா, ஒரே ஒரு வரி..." எழுத்தர் விசைப்பலகைக்குக் கையை நீட்டினார். டிரைவர் பாய்ந்து வந்து, திறந்திருந்த மேசை இழுப்பறையை ஓங்கித் தள்ளினார். எழுத்தர் ஊன்றியிருந்த மறுகையின் விரல்கள் அதற்குள் இருந்தன. எலும்பு உடையும் சத்தம், வாழ்நாளெல்லாம் மற்றவர்களுடையதாக மட்டுமே எழுத்தர் கேட்டிருந்த சத்தம், இப்போது சொந்தமாகக் கேட்டது.

"அவனை விடுங்க. மீசைக்கு எதுக்குப் படம்? அதை எடுத்தாலே பாதி இடம் கிடைக்கும்!" என்றார் பயில்வான்.

மீசை தடியை வீசினார். அது பயில்வானின் காதைக் கிழித்துக்கொண்டு போனது. பயில்வான் குழாயை மீசையின் கழுத்தில் சுற்றி இழுத்தார். கையெட்டிய தூரத்தில் இருந்த மீசையை டிரைவர் கொத்தாகப் பிடித்து, செடியைப் பிடுங்குவது போலப் பிடுங்கினார். பாதி கையோடு வந்தது. மேலுதடும் கொஞ்சம் வந்தது. டீ கிளாஸ் உடைந்தது. உடைந்த துண்டு எழுத்தரின் தொடையில் ஏறியது. எழுத்தர், உடையாத கையால் பேனாவைத் திறந்து, அருகிலிருந்த முதல் புஜத்தில் இறக்கினார். அது ஐயாவின் புஜம்.

ஐயா தளரவில்லை. விசைப்பலகையின் மேல் குனிந்து, ரத்தம் சொட்டச் சொட்ட ஒற்றை விரலால், சண்டையை நிறுத்து என்று தட்டினார்.

ஆகட்டும் ஐயா, என்றது மெஷின்.

ஐயா அந்தப் பதிலைப் படித்துத் திருப்தியடைந்து நிமிர்ந்தபோது, மானிட்டர் அவர் தலைமேல் இறங்கியது. இறக்கியது யார் என்பதில் பிற்பாடு கருத்து வேறுபாடு இருந்தது.

மெக்கானிக் அப்போது அந்த அறையிலேயே இல்லை.

அடுத்த அறையில் ஒரு வாளி கவிழ்ந்து கிடந்தது. அதே மாதிரி நாற்காலி, இங்கே வார்கள் கட்டப்பட்டிருந்தன. மச்சினனின் ஒரு கண் மூடிப் பந்தாகியிருந்தது. உள்ளங்கால்கள் நிறம் மாறியிருந்தன. மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை வாரின் கொக்கிக்குள் விட்டு நெம்பினான்.

"மாமா..." மச்சினன் திறந்திருந்த கண்ணால் பார்த்தான். "மெஷின் ரெடியாயிடுச்சா? எங்க கையெழுத்துப் போடணும்?"

"எங்கயும் போட வேணாம். எந்திரி."

"டிரைவரையும் நான்தான் மாமா கொளுத்தினேன்."

"அந்தாளு அங்க ஒருத்தன் மீசையைப் பிடுங்கிட்டு இருக்கான்டா. எந்திரிடா மச்சான், கால்ல விழுறேன்."

"தப்பிச்சா சுட்டுருவாங்க மாமா."

"தப்பிக்கிறதுக்கு நீ இங்க வரவே இல்ல. எந்த மெஷின்லயும் நீ ஏறல. வா."

தோளில் அவன் கையைப் போட்டு இழுத்துக்கொண்டு வராந்தாவைக் கடந்தான். வெளிவாசலில் காவல்காரர் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்தார்.

"யாரு நீங்க? உள்ள என்ன சத்தம்?"

"கம்ப்யூட்டர்ல பேரு ஏத்துறாங்க சார்."

"யார் பேரு?"

"எல்லார் பேரும் சார். ஐயா, எழுத்தர், மீசைக்காரர், பயில்வான். டிரைவர் பேரு கூட."

காவல்காரர் சற்று யோசித்தார். துப்பாக்கி ஒரு அங்குலம் தாழ்ந்தது. "என் பேரு?"

மெக்கானிக்குக்குப் பொய் எதுவும் தோன்றவில்லை. "உங்களைப் பத்தி யாரும் பேச்சே எடுக்கலையே சார்."

காவல்காரரின் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல இடிந்து விழுந்தது. வெயிலிலும் மழையிலும் அந்தக் கதவின் முன் நின்ற முகம். "டிரைவர் பேரு கூட..." என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு துப்பாக்கியின் தாழை இழுத்து விட்டுக்கொண்டு, அவர்களை இடித்துத் தள்ளியபடி உள்ளே ஓடினார். கதவு திறந்தே கிடந்தது.

அவர்கள் தெருமுனையைத் தொடுவதற்குள் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. சற்று இடைவெளி விட்டு இன்னொன்று. தெருவில் போய்க்கொண்டிருந்த யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கட்டடத்தின் சத்தங்களுக்குத் திரும்பாமலிருக்க அந்தத் தெருவின் கழுத்துகள் பழகியிருந்தன. பழக்கடைக்காரர் ஒருவர் மட்டும், வெயில் சாய்கிறது என்பது போல, விரித்திருந்த குடையைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டார்.

பெரிய சாலை வந்தது. மச்சினனின் பாதங்கள் தரையில் பட்ட இடமெல்லாம் ஈரமாக இருந்தது. தூரத்தில் ஒரு டாக்ஸி காலியாக வந்தது. மெக்கானிக் அதை நிறுத்தக் கையைத் தூக்கினான்.

தோளிலிருந்த பாரம் சட்டென்று காணாமல் போனது. மச்சினன் நடைபாதையில் சுருண்டு விழுந்து, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டிருந்தான். "ஒத்துக்கறேன்... ஒத்துக்கறேன்..."

டாக்ஸி வேகம் குறைத்தது. டாக்ஸிக்காரர் எட்டிப் பார்த்தார். வேகம் கூட்டிப் போய்விட்டார்.

"டேய், நான்டா. வண்டியை நிறுத்தத்தான்டா கையைத் தூக்கினேன்."

"தெரியுது மாமா." மச்சினன் எழுந்து நின்றான். அவனுக்கே வெட்கமாக இருந்தது. "இப்பத் தெரியுது. நீங்க தூக்குங்க. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

இன்னொரு வண்டி வந்தது. மெக்கானிக் மிக மெதுவாக, தோள் உயரத்துக்குக் கூடப் போகாமல், கையை நகர்த்தினான். மச்சினன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அடிக்காகத் தயாராக, நேராக நின்றான்.

வண்டி அவர்களைக் கடந்து போனது.

மெக்கானிக் கைகள் இரண்டையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"வீடு பக்கம்தான். நடந்துருவோமா?"

பக்கம் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

"நடந்துருவோம் மாமா."